உப்பளத்துப் பெண் கேட்ட கேள்வி



கொஞ்சம் நீளமான பதிவு. நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளையை ஒரு மணி நேரமாக இழுத்து, அடுத்து வரவேண்டிய கணக்கு ஆசிரியரை வராந்தாவில் நிற்க வைத்தவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். ஓய்வு பெற்றும் அந்தப் பழக்கம் போகவில்லை. இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு நிதானமாகப் படியுங்கள்.

இதை எழுத இரண்டு காரணங்கள். ஒன்று, முப்பது ஆண்டுகளாக நான் தீர்க்காமல் வைத்திருக்கும் ஒரு கடன். இன்னொன்று, வருகிற வியாழக்கிழமை மறைமலைநகரில் எங்கள் வீட்டு வாசலில் கொட்டப்போகிற கான்கிரீட். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது.

முதலில் கடனைச் சொல்கிறேன்.

கடலோரத்தில் ஒரு பள்ளியில் நான் வேலை பார்த்த காலம். 1996 அல்லது 97 இருக்கும். மேல்நிலை வகுப்பில் வெப்ப இயக்கவியல் நடத்திக்கொண்டிருந்தேன். தன்னிச்சைச் செயல்முறை என்றால் என்ன, கட்டிலா ஆற்றல் என்றால் என்ன என்ற பாடம். "கட்டிலா ஆற்றல்" என்று கரும்பலகையில் எழுதியதுமே பின் பெஞ்சிலிருந்து "கட்டிலா, மெத்தையா சார்?" என்று ஒரு குரல் வரும். ஆண்டுதோறும் வரும். நானும் ஆண்டுதோறும் புதிதாகக் கேட்பதுபோல் முறைப்பேன்.

அன்று தன்னிச்சைச் செயலுக்கு எடுத்துக்காட்டாக, "உப்பைத் தண்ணீரில் போட்டால் தானாகக் கரைகிறது அல்லவா, அதுதான்" என்றேன். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். கேளம்பாக்கம் கோவளம் பக்கத்து உப்பளத்தில் அவள் அப்பாவும் அம்மாவும் கூலி வேலை செய்தார்கள். விடுமுறை நாளில் அவளும் போவாள். அவள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

"சார், உப்பு தண்ணியில தானாக் கரையுதுன்னு சொல்றீங்க. எங்க பாத்தியில உப்பு தானாத்தானே சார் பிரிஞ்சு வருது? நாங்க ஒண்ணும் பண்றதில்ல, வாரத்தான் செய்யறோம். அப்போ இதுல எது தன்னிச்சை?"

வகுப்பே சிரித்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "போர்ஷன் முடிக்கணும், உட்கார்" என்றேன்.

போர்ஷன் ஒரு சாக்கு. உண்மையில் எனக்குப் பதில் தெரியவில்லை. சமன்பாடு மனப்பாடமாகத் தெரியும். எதிர்க்குறி வந்தால் தன்னிச்சை, நேர்க்குறி வந்தால் தன்னிச்சையற்றது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் கண்முன்னே இருக்கிற உப்புப் பாத்தியை அந்தச் சமன்பாட்டோடு பொருத்திப் பார்த்ததே இல்லை.

போன பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு அந்த வகுப்பு மாணவர்கள் ஒன்றுகூடினார்கள். அவளும் வந்திருந்தாள். மேல்நிலைக்குப் பிறகு அவள் படிக்கவில்லை. வீட்டு நிலைமைதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சாப்பிட்டுக் கைகழுவும் இடத்தில் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "சார், அன்னிக்கு நீங்க உக்காரச் சொல்லிட்டீங்க. நான் வீட்டுக்குப் போயி எங்கப்பாகிட்ட கேட்டேன். 'தண்ணிய வெயிலும் காத்தும் குடிச்சிட்டுப் போயிடுது, உப்ப நம்மகிட்ட விட்டுட்டுப் போயிடுது'ன்னாரு."

பள்ளிக்கூடம் போகாத அந்த மனிதர் சொன்னதுதான் சரியான பதில். அதை வேதியியல் மொழியில் சொல்லிக்கொடுக்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இன்று சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன் கான்கிரீட் விஷயம். எங்கள் வீட்டில் கீழே நாங்கள், மாடியில் தம்பி மகன் குடும்பம். நல்ல பிள்ளை. புதிதாகக் கார் வாங்கியிருக்கிறான். நிறுத்த இடம் வேண்டும். வாசல் முழுவதும் கான்கிரீட் போட்டு மேலே டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறான். அந்த வாசலில்தான் மொட்டை மாடி மழைநீர் இறங்கும் சேகரிப்புத் தொட்டி இருக்கிறது. "அதை மூடினால் மழைத்தண்ணீர் எங்கேடா போகும்?" என்று கேட்டேன். அவன் சொன்னான்: "பெரியப்பா, இன்னும் மழைத்தண்ணியப் பிடிச்சிட்டு இருக்கீங்களே! நெம்மேலியில கடல் தண்ணியவே குடிதண்ணி ஆக்கறாங்க. கடல் என்ன வத்தவா போகுது?"

இது அவன் ஒருவனின் கருத்து இல்லை. படித்தவர்கள் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். தம்பி மகன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்ற நம்பிக்கை உண்டு.

இனி பாடம்.

'தன்னிச்சை' என்ற சொல்லிலிருந்தே நம் குழப்பம் தொடங்குகிறது. பேச்சு வழக்கில் ஒருவர் யாரையும் கேட்காமல் தன் விருப்பப்படி நடந்தால் தன்னிச்சையாக நடக்கிறார் என்போம். உப்புக்கு ஏது இச்சை? பாடநூலில் அந்தச் சொல்லுக்குப் பொருள் இவ்வளவுதான்: இந்தச் சூழ்நிலையில், வெளியிலிருந்து தொடர்ந்து வேலை செய்து தள்ளாமலேயே, இந்தத் திசையில் நடக்கக்கூடியது. பள்ளம் கண்ட பக்கம் தண்ணீர் ஓடுவதுபோல. எந்தப் பக்கம் பள்ளம் என்று மட்டும் அந்தச் சொல் நமக்குக் காட்டுகிறது.

எவ்வளவு வேகம் என்று அது சொல்லாது. சாதாரண வெப்ப அழுத்தத்தில் வைரம் கிராஃபைட்டாக மாறுவது தன்னிச்சையான மாற்றம். ஒரு மோலுக்கு 2.9 கிலோ ஜூல் இறக்கம். ஆனால் உங்கள் வீட்டு வைரத்தோடு பென்சில் கரியாகிவிடும் என்று யாரும் பயப்பட வேண்டாம். பள்ளம் இருக்கிறது, நடுவில் பெரிய வரப்பும் இருக்கிறது.

வெப்பம் வெளிவந்தால்தான் தன்னிச்சை என்றும் இல்லை. இந்தத் தவற்றை நானே சில ஆண்டுகள் கற்பித்திருக்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் தாம்சென், பெர்த்தலோ போன்ற பெரிய வேதியியலாளர்களே அப்படித்தான் நம்பினார்கள் என்பது எனக்கு ஓர் ஆறுதல். சாப்பாட்டு உப்பு கரையும்போது வெப்பத்தை வெளிவிடுவதில்லை, உள்ளே இழுக்கிறது. ஒரு மோல் உப்புக்கு, அதாவது 58.5 கிராமுக்கு, ஏறத்தாழ 3.9 கிலோ ஜூல். தண்ணீர் சற்றே குளிரும். அப்படியும் கரைகிறதே, ஏன்?

இதற்கு விடை சொன்னவர் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜோசையா வில்லார்ட் கிப்ஸ். 1876 முதல் 1878 வரை வெளிவந்த அவருடைய நீண்ட கட்டுரையில் இந்தக் கணக்கு இருக்கிறது. எங்கள் ஊருக்குப் பெயர் தந்த மறைமலை அடிகள் பிறந்ததும் 1876 தான். தனித்தமிழ் கண்டவர் பெயரில் உள்ள ஊரில் உட்கார்ந்துகொண்டு 'என்ட்ரோபி' என்று எழுதுவதற்கு அடிகள் என்னை மன்னிக்க வேண்டும்.

என்ட்ரோபியை நான் இப்படிச் சொல்வேன். அரிசி டப்பாவும் உளுந்து டப்பாவும் சேர்ந்து கவிழ்ந்தால் இரண்டும் கலக்க ஒரு நொடி போதும். பிரித்தெடுக்க முறத்தை வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுவதும் உட்கார வேண்டும். கலந்து கிடக்க ஆயிரம் கோடி வழிகள் உண்டு; பிரிந்து கிடக்க வெகு சில வழிகளே உண்டு. இயற்கையில் பொருளும் ஆற்றலும் எத்தனை வழிகளில் பரவிக் கிடக்க முடியும் என்பதன் அளவுதான் என்ட்ரோபி.

கிப்ஸ் சொன்ன கட்டிலா ஆற்றலை அரசு ஊழியர்களுக்குப் புரியவைப்பது எளிது. சம்பளப் பட்டியலில் மொத்தச் சம்பளம் என்று ஓர் எண் இருக்கும். பிடித்தம் போகக் கைக்கு வருவது வேறு எண். அந்தக் கைக்கு வருகிற தொகையைத்தான் நம் இஷ்டத்துக்குச் செலவு செய்ய முடியும். அதுபோல வெப்ப மாற்றத்திலிருந்து, வெப்பநிலையையும் என்ட்ரோபி மாற்றத்தையும் பெருக்கி வருவதைக் கழித்தால் கிடைப்பது கட்டிலா ஆற்றல் மாற்றம். கட்டு இல்லாத, வேலை செய்யப் பயன்படுகிற ஆற்றல் என்று பொருள். இலவச ஆற்றல் என்று பொருள் இல்லை. இந்த வித்தியாசத்தை மறக்காதீர்கள், பின்னால் வரும்.

உப்புக்குக் கணக்குப் போடுவோம். வெப்ப மாற்றம் 3.9. பிடித்தம், அதாவது கலப்பதால் வருகிற என்ட்ரோபிப் பங்கு, அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 12.9. கழித்தால் எதிர்க்குறி 9 கிலோ ஜூல். இறக்கம். அதனால் கரைகிறது. வெப்பக் கணக்கில் சிறிது நட்டம், பரவல் கணக்கில் அதைவிடப் பெரிய லாபம்.

இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். அம்மா, நீ கேட்ட இரண்டுமே தன்னிச்சைதான். ஆனால் இரண்டும் ஒரே சூழ்நிலையில் நடப்பவை அல்ல.

மூடிய பாட்டிலில் உப்பும் தண்ணீரும் மட்டும் இருந்தால் கரைவதுதான் இறக்கம். எத்தனை நாள் காத்திருந்தாலும் கரைந்த உப்பு தனியே வந்து அடியில் படியாது. உங்கள் பாத்தி மூடிய பாட்டில் அல்ல. மேலே வெயில் இருக்கிறது, மேற்பரப்பைத் தடவிக்கொண்டு காய்ந்த காற்று போகிறது. அங்கே தண்ணீருக்கு இன்னொரு பள்ளம் திறந்துவிடுகிறது. திரவமாக அடைந்து கிடப்பதைவிட ஆவியாகிக் காற்றில் பரவுவது அதற்கு இறக்கம். தண்ணீர் அந்தப் பக்கம் போகிறது. லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீர் சுண்டிச் சுண்டி, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகும்போது, அதற்குமேல் உப்பைத் தாங்க முடியாமல் படிகமாக விடுகிறது. உப்பை யாரும் பிரிக்கவில்லை. தண்ணீர் வேறு பள்ளத்துக்குப் போனதால் உப்பு தங்கிவிட்டது. "வெயிலும் காத்தும் குடிச்சிட்டுப் போயிடுது" என்று உன் அப்பா சொன்னது இதைத்தான்.

இதில் ஓர் எண் உண்டு. உப்பு முழுதாகக் கரைந்து நிறைந்த நீருக்கு மேல் காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் அதிலிருந்து தண்ணீர் ஆவியாகும். அதற்கு மேலே போனால் திசை திரும்பிவிடும். காற்றிலிருந்து தண்ணீர் உப்புக்குள் இறங்கும். ஐப்பசி அடைமழையில் அடுப்படி உப்பு ஜாடி கசகசவென்று ஈரமாவது அதனால்தான். அதே உப்பு, அதே தண்ணீர். காற்று மாறினால் பள்ளம் எந்தப் பக்கம் என்பதும் மாறிவிடுகிறது. ஆகவே 'எது தன்னிச்சை' என்று கேட்டால், 'எந்தச் சூழ்நிலையில்?' என்று திருப்பிக் கேட்பதுதான் சரியான பதில். அன்று இதைச் சொல்லியிருந்தால் அந்த வகுப்புக்கு அதைவிட நல்ல பாடம் வேறு இருந்திருக்காது.

நம் மொழியில் உப்பு 'விளைகிறது' என்கிறோம். நெல்லைப்போல. விளைச்சல் என்றால் வெயில் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு வேலை? ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,400 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும். உப்பளத்தில் கூலி வாங்காமல் வேலை செய்கிற பெரிய தொழிலாளி சூரியன். தானாக நடப்பதுபோல் தெரிகிற இடத்தில் யாரோ கணக்குக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி நெம்மேலிக்குப் போவோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகும்போது பார்த்திருப்பீர்கள். நாள் ஒன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அதன் பக்கத்திலேயே 15 கோடி லிட்டர் நிலையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அருகில் பேரூரில் 40 கோடி லிட்டர் நிலையத்துக்கு 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டினார்கள். நெம்மேலித் தண்ணீர் சென்னையின் தென்பகுதிகளுக்குப் போகிறது.

அங்கே உப்பளத்தைப்போல ஆவியாக்குவதில்லை. நம் வீட்டு ஆர்.ஓ. மெஷினில் நடப்பதுதான், பெரிய அளவில். நடுவில் ஒரு சவ்வு. ஒரு பக்கம் கடல்நீர், மறுபக்கம் நன்னீர். சும்மா விட்டால் நன்னீர்தான் கடல்நீர்ப் பக்கம் போகும். அதுதான் இறக்கம். அந்த ஆசையைத் தடுத்து நிறுத்தவே ஏறத்தாழ 27 வளிமண்டல அழுத்தம் வேண்டும். அதை மீறித் திசையைத் திருப்ப, நிலையங்களில் 55 முதல் 70 வரை அழுத்தம் கொடுக்கிறார்கள்.

இங்கேதான் கிப்ஸ் வந்து உட்காருகிறார். கடல்நீரிலிருந்து ஆயிரம் லிட்டர் நன்னீரைப் பிரிக்க, எவ்வளவு கெட்டிக்காரர் எந்திரம் செய்தாலும், முக்கால் யூனிட் மின்சாரத்துக்குக் குறைவாக முடியவே முடியாது. உள்ளே எடுக்கிற நீரில் பாதியைப் பிரித்தால் அந்தக் குறைந்தபட்சம் ஒரு யூனிட்டைச் சற்றுத் தாண்டும். இது பொறியாளரின் திறமைக் குறைவு இல்லை. உப்பும் தண்ணீரும் கலந்தபோது கைவிட்டுப் போன கட்டிலா ஆற்றலை நாம் திருப்பிக் கட்டுகிறோம். நடைமுறையில் இத்தகைய நிலையங்களுக்கு ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் ஆகிறது. நெம்மேலியின் இரண்டு நிலையங்களும் முழு அளவில் ஓடினால், இந்தக் கணக்குப்படி நாள் ஒன்றுக்கு ஏழரை லட்சம் முதல் பத்து லட்சம் யூனிட்.

தம்பி மகனே, கடல் வற்றாது என்று நீ சொன்னது சரி. ஆனால் கடலில் தண்ணீருக்குப் பஞ்சம் இல்லாததால் குடிதண்ணீருக்கும் பஞ்சம் இருக்காது என்று சொல்ல முடியாது. நமக்குக் குறைவாக இருப்பது தண்ணீர் அல்ல, உப்போடு கலக்காத தண்ணீர். அந்தக் கலக்காத நிலைக்குத்தான் விலை.

அந்த விலையை நமக்காக ஏற்கெனவே ஒருவர் கட்டிவிட்டார் என்பதுதான் நான் சொல்ல வந்த செய்தி. மழை என்பது என்ன? வங்காள விரிகுடா என்னும் பெரிய உப்புப் பாத்தியிலிருந்து வெயிலும் காற்றும் குடித்த தண்ணீர். உப்பைக் கடலிலேயே விட்டுவிட்டு வந்த தண்ணீர். செங்கல்பட்டுப் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் மழை. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் அது ஒரு லட்சத்துப் பத்தாயிரம் லிட்டர். அவ்வளவு தண்ணீரை நெம்மேலியில் பிரித்தெடுத்தால் கிட்டத்தட்ட 390 யூனிட் மின்சாரம். சூரியன் அதை ஆவியாக்கச் செலவழித்த வெப்பத்தை யூனிட்டாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 75,000. நம் மாடி ஒன்றின் மேல் மட்டும், ஆண்டுதோறும், பில் போடாமல்!

அதை வாங்கிக்கொள்ள நாம் செய்ய வேண்டியது ஒரு குழாயும் ஒரு குழியும். அந்தக் குழியைத்தான் வியாழக்கிழமை மூடப்போகிறோம்.

நம் முன்னோருக்குக் கிப்ஸைத் தெரியாது, ஆனால் பள்ளம் தெரியும். செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்று சொல்வார்கள். ரயிலில் போகும்போது கொளவாய் ஏரி நம்மோடு கூடவே வரும். மதுராந்தகத்தில் சாமிக்கே ஏரி காத்த ராமர் என்று பெயர். மேலே உள்ள ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாகக் கீழே உள்ள ஏரிக்குப் போகும். தண்ணீர் தானாக இறங்கும். இறங்குகிற வழியில் அதைத் தங்கவைத்துத் தங்கவைத்து அனுப்பினார்கள். ஒரு சொட்டு மின்சாரம் கிடையாது. நாம் என்ன செய்தோம்? வரத்துக் கால்வாயில் மனை போட்டோம். ஏரிக்குள் மண் கொட்டினோம். நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. நான் மனை வாங்கியபோதும் 'ரோட்டுப் பக்கமா, மெட்ரோ தண்ணீர் வருமா' என்று கேட்டேனே தவிர, 'இந்த இடத்து மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் போகும்' என்று கேட்கவில்லை.

2015 டிசம்பர் உங்களுக்கு மறந்திருக்காது. சென்னையும் நம் பகுதியும் மூழ்கின. அந்தத் தண்ணீர் ஓடிக் கடலில் சேர்ந்தது. நாலே ஆண்டு. 2019 ஜூனில் சென்னைக்கான ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஐம்பது வேகன், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். தானாக இறங்கி வந்ததைக் கடலில் கலக்க விட்டுவிட்டு, கலந்ததை யூனிட் கணக்கில் காசு கொடுத்துப் பிரிக்கிறோம். வேதியியல் ஆசிரியனுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. ஆனால் மகிழ்ச்சியாக இல்லை.

நன்னீர் கடலில் கலக்கும்போது உண்மையிலேயே ஆற்றல் போகிறதா என்று சிலருக்குச் சந்தேகம் வரலாம். நார்வேயில் டோஃப்டே என்ற இடத்தில் 2009ஆம் ஆண்டு ஆற்று நீரையும் கடல் நீரையும் சவ்வுக்கு இரு பக்கமும் விட்டு, அந்தக் கலப்பிலிருந்தே மின்சாரம் எடுத்துக் காட்டினார்கள். கட்டுப்படியாகாமல் சில ஆண்டுகளில் நிறுத்திவிட்டார்கள். செலவு கூடுதல் என்று நின்றதே தவிர, கொள்கை தவறென்று நிற்கவில்லை. நம் ஊர் முகத்துவாரங்களில் ஒவ்வொரு மழைக்கும் அந்த ஆற்றல் சத்தமில்லாமல் கரைந்துபோகிறது. அதற்காக ஆற்றில் ஒரு சொட்டும் கடலுக்குப் போகக்கூடாது என்று சொல்ல வரவில்லை. முகத்துவாரத்துக்கும் மீனுக்கும் அதில் பங்கு உண்டு. நம் பங்கையாவது நாம் பிடித்துக்கொள்ளலாம் என்கிறேன்.

கடலோர உறவுகளுக்குத் தனியாக ஒரு சொல். திருவான்மியூர் முதல் கோவளம் வரை மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் இருந்த பூமி. அளவுக்கு மிஞ்சி மோட்டார் போட்டு இழுத்தால் கடல்நீர் உள்ளே வரும். அதுவும் தானாக, கேட்காமல் வரும். கிணற்று நீரில் உப்பு ஏறுவது இறக்கத்தில் போகிற வண்டி. திருப்பிக் கொண்டுவருவது மேட்டில் தள்ளுகிற வண்டி. பல மழைக்காலம் தள்ள வேண்டும். கலப்பது எளிது, பிரிப்பது கடினம் என்ற ஒரே விதிதான் டப்பா கவிழ்ந்த சமையலறையிலும் கடற்கரைக் கிணற்றிலும்.

எதிர்க்கேள்வி வரும் என்று தெரியும். நேற்றே தம்பி மகன் கேட்டுவிட்டான். "சோலார் பேனல் போட்டு அந்த மின்சாரத்துல ஓட்டலாமே பெரியப்பா. அப்பவும் சூரியன்தானே கட்டுது?" நல்ல கேள்வி. உட்கார் என்று சொல்லவில்லை. சரி, ஓட்டலாம், ஓட்டவும் வேண்டும். ஆனால் பேனலுக்கும் சவ்வுக்கும் குழாய்க்கும் பம்புக்கும் காசு நாம்தான் கட்டுகிறோம். அதே சூரியன் தன் சொந்தச் செலவில் ஆவியாக்கி, தூக்கி, நம் மாடியில் கொண்டுவந்து இறக்கிய தண்ணீரைத் தெருச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு, இன்னொரு முறை அவரிடமே போய் நிற்பானேன்?

நான் நெம்மேலிக்கு எதிரி இல்லை. மழை பொய்த்த ஆண்டில் அந்த நிலையம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று 2019இல் பார்த்தோம். வீட்டில் அவசரத்துக்கு வைத்திருக்கும் நகைபோல அது இருக்கட்டும். மாதச் சம்பளத்தைத் தெருவில் கொட்டிவிட்டு, மாதாமாதம் நகையை அடகு வைத்துக் குடும்பம் நடத்தாதீர்கள் என்பதுதான் என் கட்சி. முதலில் மாடி, பிறகு ஏரி, அதற்கும் பிறகு கடல். இறக்கத்தில் கிடைப்பதைப் பிடித்து முடித்த பிறகு மேட்டில் ஏறுவோம்.

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது 2003இல். அப்போது பயந்துகொண்டு நாம் எல்லோரும் தொட்டி கட்டினோம். அதற்குப் பிறகு எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தோம்? என் தொட்டியை நான் போன வாரம் திறந்தேன். பாதிக்குமேல் மண்ணும் சருகும். ஊருக்கு உபதேசம் செய்கிறவன் வீட்டு லட்சணம் அது. 'குழிதான் தண்ணியே குடிக்கறதில்லையே' என்று தம்பி மகன் சொன்னதில் நியாயம் இருந்திருக்கிறது. ஆகவே அவனிடம் ஓர் ஒப்பந்தம் பேசியிருக்கிறேன். தூர் வாரி, ஜல்லியும் மணலும் புதிதாகப் போடும் செலவு என் பென்ஷனில். சக்கரம் படும் இரண்டு பட்டைக்கு மட்டும் அவன் கான்கிரீட் போடட்டும். நடுவில் மண் இருக்கட்டும். தொட்டிக்கு மேல் கார் ஏறினாலும் தாங்கும் இரும்பு மூடி. கொத்தனார் "பார்க்கலாம் சார்" என்றிருக்கிறார். தம்பி மகன் இன்னும் பதில் சொல்லவில்லை. வியாழக்கிழமைக்குள் இந்தப் பதிவைப் படிப்பான் என்று எதிர்பார்க்கிறேன்.

கடைசியாக, உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் காலத்தைவிட இப்போது புத்தகங்கள் நன்றாக இருக்கின்றன. நீங்கள் என்னைவிட நன்றாக நடத்துகிறீர்கள். ஆனாலும் உப்பளத்திலிருந்தும் மீன்பிடிக் குப்பத்திலிருந்தும் கழனியிலிருந்தும் வருகிற பிள்ளை ஏதாவது கேட்டால், போர்ஷனை ஒரு நாள் ஒத்திவையுங்கள். அந்தப் பிள்ளை வீட்டில் பார்த்ததை வைத்துக்கொண்டு கேட்கிறது. பதில் தெரியாவிட்டால் "தெரியவில்லை, நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். அதைச் சொல்ல எனக்கு முப்பது ஆண்டு ஆகிவிட்டது.

அம்மா, நீ இந்தப் பக்கத்தைப் பார்ப்பாய் என்று ஒன்றுகூடலில் சொன்னாய். பதில் சரியாக வந்திருக்கிறதா என்று அப்பாவிடம் படித்துக் காட்டிவிட்டு எழுது. அவர் ஏதாவது திருத்தினால் திருத்திக்கொள்கிறேன்.

மற்றவர்கள், ஐப்பசி பிறப்பதற்குள் உங்கள் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே என்ன இருந்தது என்று கீழே எழுதுங்கள். என்னுடையதைவிட மோசமாக இருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

அன்புடன்,
உங்கள் வேதியியல் வாத்தியார்,
மறைமலைநகர்.